ஒன்றும் நடக்காத நாளின் ஏடு

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்டால் எல்லா நாட்டவரும் கொஞ்சம் சங்கடப்படக்கூடிய ஒரு நாட்டில், ஓர் அரசன் இருந்தான். கெட்டவன் இல்லை. எழுந்தால் புகழ்ச்சி, குளித்தால் புகழ்ச்சி, சாப்பிட்டு ஏப்பம் விட்டால் அதற்கும் ஒரு வெண்பா என்று வளர்ந்தவன், அவ்வளவுதான்.

ஒரு நாள் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. "எங்கள் அப்பாவின் பெருமையை எல்லோரும் பாடுகிறீர்கள். அவரே தன் கையால் ஏதாவது எழுதி வைத்திருக்கிறாரா?" என்று சபையைக் கேட்டான்.

சபையில் ஒருவருக்கும் தெரியவில்லை. தெரியாததை மறைக்க எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். கதவோரம் நின்றிருந்த உமைபாகன் என்ற கிழவர் மெல்ல முன்னால் வந்தார். காலமான பெரிய அரசரின் வெற்றிலைப் பெட்டியைச் சுமந்துகொண்டு, அவர் போன இடமெல்லாம் போனவர் அவர்.

"இருக்குங்க," என்றார். "தெனமும் படுக்கப் போறதுக்கு முன்னால ஒரு ஏடு எழுதுவாரு. கடைசியில கட்டி எங்கிட்டக் குடுத்து, கேட்டா குடு, கேக்காட்டி வெச்சிருன்னாரு. இத்தனை வருசமா யாரும் கேக்கல."

அவர் கொண்டுவந்த சுவடிக்கட்டு ஓர் ஆள் அணைத்துத் தூக்கும் அளவு இருந்தது. தினம் மாலையில் சபையில் அதை வாசிக்க வேண்டும் என்று அரசன் உத்தரவிட்டான்.

பிறகு நடந்ததுதான் அரண்மனைக்காரர்களால் மட்டுமே முடிகிற காரியம். வாசிக்க நியமிக்கப்பட்டவரிடம் ஒவ்வொருவராகத் தனியாகப் போய், "எம் பெயர் வருகிற ஏட்டை முதலில் எடுத்து வையும்" என்று காதில் சொல்லிவிட்டு வந்தார்கள். அரசனும் ஆள் அனுப்பினான். வாசிப்பவர் கட்டைப் பிரித்துப் பெயர் உள்ள ஏடுகளைப் பொறுக்கி ஒரு சிறு கட்டாகக் கட்டிக்கொண்டார். மீதி பெரிய கட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

முதல் மாலை ஆஸ்தானப் புலவரின் முறை. அவர் பெயர் அண்டபகிரண்டக் கவிராயர். தமக்குத் தாமே வைத்துக்கொண்ட பெயர். அவர் பட்டுத் துண்டைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார, ஏடு வாசிக்கப்பட்டது. "இன்று கவிராயர் பாடினார். நின்றபடியே தூங்கும் குதிரைகளைக் கவனித்துப் பழகியது எனக்கு உதவியது."

மறுநாள் சேனாதிபதி ரணபேரிகையாரின் முறை. "ஆற்றின் இக்கரையில் நாம், அக்கரையில் அவர்கள். வெள்ளம் வடியவில்லை. அவர்களுக்கு அரிசி தீர்ந்தது, ஊருக்குப் போய்விட்டார்கள். சேனாதிபதி இதற்கு வெற்றி என்று பெயர் வைத்திருக்கிறார். பாவம், ஆசைப்படுகிறார்." வருடந்தோறும் அந்த வெற்றிக்கு யானை ஊர்வலம் விடுகிற நாடு அது.

மூன்றாம் நாள் அரசனுடைய முறை. "இளவரசன் நல்ல பிள்ளை. ஆனால் சொக்கட்டான் ஆட்டத்தில் தோற்கத் தெரியாது. அதனால் நான் தோற்றுக்கொடுக்கிறேன்."

அப்பாவை ஆட்டத்துக்கு ஆட்டம் ஜெயித்த கதையை வெளிநாட்டுத் தூதர்களிடம்கூடச் சொல்லி வந்தவன் அந்த அரசன். அவன் எழுந்து உள்ளே போனான்.

சில நாட்கள் கழித்துக் கவிராயர் ஓர் ஆளைச் சபைக்கு அழைத்து வந்தார். ஏகாம்பரம் என்று பெயர், ஓலைச்சுவடிகளைப் பார்த்துப் பிரதி எழுதிக் கொடுக்கிறவன். அவன் அரசன் காலில் விழுந்தான்.

"அபயம் கொடுத்தால் ஓர் உண்மை சொல்வேன், மகாராஜா."

"கொடுத்தேன். சொல்."

"அந்த நாட்குறிப்பைப் பெரிய அரசர் எழுதவில்லை. அந்த முழுக் கட்டையும் நான்தான் எழுதினேன். உமைபாகன் எழுதச் சொன்னார், எழுதினேன். மனசாட்சி உறுத்துகிறது."

கவிராயர் இரு கைகளையும் விரித்தார். "அரசே, இதைவிட என்ன சாட்சி வேண்டும்? தன் முகத்தில் தானே சேறு பூசிக்கொள்கிறவன் எங்காவது உண்டா? தனக்கே கேடாக ஒருவன் பேசினால் அது உண்மையாகத்தான் இருக்கும்."

அரசன் முகத்தில் பல நாள் கழித்து ரத்தம் ஓடியது. ‘அப்படியானால் அப்பா தோற்றுக்கொடுக்கவில்லை. நான் ஜெயித்தேன்.’ அவனுக்கு அது போதும். அரச எழுத்தைப் பொய்யாகச் செய்தவனுக்கும் செய்யச் சொன்னவனுக்கும் வலக்கையை வெட்டுவது அந்த நாட்டுச் சட்டம். ஏகாம்பரத்துக்கு அபயம் கொடுத்தாகிவிட்டது. ஆகவே அமாவாசையன்று உமைபாகனின் கையை மட்டும் எடுப்பது என்று தீர்ப்பாயிற்று.

அந்தச் சபையில் குழைக்காதன் என்று ஒரு விகடகவி இருந்தான். அரசனைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். அன்று அவன் சிரிக்கவும் இல்லை, சிரிக்க வைக்கவும் இல்லை. நேரே சிறைக்குப் போனான்.

"பெரியவரே, நெசத்தைச் சொல்லும். எழுதச் சொன்னீரா?"

உமைபாகன் கம்பிக்குப் பின்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். "எனக்கு எழுத்தே தெரியாது சாமி. எது நல்லா எழுதியிருக்கு, எது பொய்யா எழுதியிருக்குன்னு நான் எப்படிப் பார்த்து வாங்கியிருப்பேன்?"

"அதைச் சபையில சொல்ல வேண்டியதுதானே?"

"யாரு கேட்டா? கையை எடுக்கறதுன்னு முடிவு பண்ணினப்புறம் வாயை எதுக்குக் கேக்கப் போறாங்க?" சற்று நேரம் தன் வலக்கையையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இனிமே வேட்டி கட்டிவிட ஒரு ஆள் வேணும். அதான் வெக்கமாயிருக்கு."

குழைக்காதன் வெளியே வந்தான்.

இதற்குள் ஏகாம்பரம் ஊரில் பெரிய மனிதனாகிவிட்டான். கவிராயர் வீட்டு முன்கட்டில் மெத்தை போட்டு உட்கார வைத்திருந்தார்கள். பொய்ச்சுவடி எழுதிய கையைப் பார்க்கக் கூட்டம் வந்தது. குழைக்காதனும் கூட்டத்தோடு நின்று கேட்டான்.

"ஏனுங்க, எழுத ரொம்ப நாளாச்சா?" என்றாள் பூ விற்கிற ஒருத்தி.

"ஒரு மழைக்காலம்," என்றான் ஏகாம்பரம்.

மறுநாள் அதையே கேட்டவர்களிடம், "ஒரே பௌர்ணமியில் முடித்தேன்" என்றான். அதற்கு மறுநாள், கண்ணைக் கட்டிக்கொண்டு எழுதியதாகச் சொன்னான்.

"கண்ணைக் கட்டிக்கிட்டா எப்படிங்க தெரியும்?"

"கைக்குத் தெரியும்."

கூட்டம் "ஆகா" என்றது. குழைக்காதனும் "ஆகா" என்று சொல்லிவிட்டு, அங்கிருந்து சுவடி அறைக்குப் போய்த் தூசி படிந்த அந்தப் பெரிய கட்டைப் பிரித்து உட்கார்ந்தான். படித்தான், இடையில் தூங்கிவிட்டான், விழித்து மறுபடி படித்தான். சிரிப்பு மூட்டுவதைத் தொழிலாகக் கொண்டவனுக்கு அவ்வளவு சாரமில்லாத எழுத்தைப் படிப்பது பெரிய தவம்தான்.

அமாவாசைக்கு முந்தைய நாள் சபை கூடியது. குழைக்காதன் முன்னால் வந்து ஏகாம்பரம் விழுந்த மாதிரியே விழுந்தான். துண்டு விழுந்த கோணம்கூட மாறவில்லை.

"அரசே, அபயம் கொடுத்தால் நானும் ஓர் உண்மை சொல்வேன்."

"கொடுத்தேன். நீயுமா?"

"மனசாட்சி உறுத்துகிறது. கவிராயருக்குப் பெரிய அரசர் ஒரு கிராமத்தை மானியமாகக் கொடுத்ததாகச் செப்பேடு இருக்கிறதே, அது பொய். நான்தான் வெட்டினேன்."

கவிராயர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு முழம் எழும்பினார். "அபாண்டம். அரசே, இவன் புளுகன்."

"புளுகன் என்றுதானே நானும் சொல்கிறேன், சுவாமி. தன் முகத்தில் தானே சேறு பூசிக்கொள்கிறவன் எங்காவது உண்டா?"

சேனாதிபதி வாய்விட்டுச் சிரித்தார். கவிராயரின் கிராமம் போவதில் அவருக்கு வருத்தம் இல்லை. குழைக்காதன் அவர் பக்கம் திரும்பினான்.

"சேனாதிபதியாரே, உறுத்துகிறபோது முழுதாகச் சொல்லிவிடுகிறேன். ஆற்றங்கரை வெற்றிக்காகத் தங்களுக்குப் பெரிய அரசர் அளித்த வீரப் பட்டயத்தையும் நான்தான் வெட்டினேன்."

சிரிப்பு பாதியில் நின்றது. அரண்மனைச் சோதிடர், தம் முறை வருவதற்குள் எழுந்து வெளியே போகப் பார்த்தார்.

கவிராயர் அரசனிடம் ஓடினார். "அரசே, நியாயம் சொல்லுங்கள். ஒருவன் வந்து ‘நான் மோசக்காரன்’ என்று சொன்னால், அந்த மோசக்காரன் சொல்லை எப்படி எடுத்துக்கொள்வது? அவன் பொய்யன் என்றால் அவன் ஒப்புக்கொண்டதும் பொய்யாக இருக்கலாமே. இவனுக்கு இதில் என்ன லாபம் என்று விசாரிக்க வேண்டாமா? எங்கள் கண்முன் ஒரு செப்பேடு வெட்டிக் காட்டச் சொல்ல வேண்டாமா?"

குழைக்காதன் எழுந்து நின்று தூசியைத் தட்டிக்கொண்டான். "இதைச் சொல்லத்தான் வந்தேன், அரசே. எனக்கு இவ்வளவு கோர்வையாகச் சொல்ல வந்திருக்காது. கவிராயர் முந்திக்கொண்டார்."

சபையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அரசனுக்குப் புரிந்தது. புரிந்ததில் அவனுக்கு மகிழ்ச்சி இல்லை. "சரி," என்றான் வேண்டா வெறுப்பாக. "ஏகாம்பரத்தைச் சோதித்துப் பார்ப்போம்."

கவிராயர் தலையாட்டினார். சோதனை எதுவானாலும் அவருக்குப் பயமில்லை. பெயர் உள்ள ஏடுகளை வாசிப்பவரிடமிருந்து இரவல் வாங்கி, ஏகாம்பரத்திடம் கொடுத்து, கையெழுத்தைப் பழக்கி வைத்திருந்தவர் அவர்தான். ஏகாம்பரம் ஓலையை இடக்கையில் பிடித்துக் கட்டைவிரல் நகத்தில் எழுத்தாணியைத் தாங்கி ஒரு வரி எழுதி, மை தடவித் துடைத்து நீட்டினான். பெரிய அரசரின் எழுத்தேதான். கொம்பின் சாய்வுகூட மாறவில்லை. சபை வியந்தது.

"கை நல்ல கை," என்று குழைக்காதன் ஒப்புக்கொண்டான். "காலமெல்லாம் பிரதி எழுதுகிறவனுக்குக் கை வராமல் போகுமா? எழுத்தை எழுதிவிட்டார். இப்போது ஒரு நாளை எழுதட்டும்."

"எந்த நாளை?" என்றான் அரசன்.

"ஒன்றும் நடக்காத நாளை. முழுக் கட்டையும் எழுதியவருக்கு அதில் நிறைய பழக்கம் இருக்கும்."

ஏகாம்பரம் சிரித்தான். இவ்வளவுதானா என்ற சிரிப்பு. எழுதி நீட்டினான். வாசிப்பவர் வாசித்தார். "இன்று ஒன்றும் நடக்கவில்லை. நடக்காத அந்த அமைதியில் என் நெஞ்சுக்குள் ஒரு புயல் எழுந்தது."

"புயல் அடித்துவிட்டதே ஏகாம்பரம்," என்றான் குழைக்காதன். "சாதா நாள் கேட்டேன்."

இரண்டாவது ஏடு. "காகம் ஒன்று இடப்பக்கம் கரைந்தது. ஏனோ சேனாதிபதியின் முகம் நினைவுக்கு வந்தது." சேனாதிபதி செருமினார்.

மூன்றாவது ஏட்டுக்கு அவன் வெகுநேரம் எடுத்துக்கொண்டான். நெற்றி வியர்த்தது. "அரண்மனை உறங்கியது. சதி உறங்கவில்லை."

"போதும்," என்று குழைக்காதன் அந்த எழுத்தாணியை மெல்ல வாங்கி வைத்தான். பிறகு ஆள்விட்டுப் பெரிய கட்டைக் கொண்டுவரச் செய்து, நடுவிலிருந்து சில ஏடுகளை உருவினான். "அரசே, வாசிக்கலாமா? யாரும் புகழப்பட மாட்டார்கள். திட்டவும்பட மாட்டார்கள். கொட்டாவி வந்தால் விடலாம்."

அவனே வாசித்தான்.

"மோரில் உப்பு அதிகம். சொன்னால் சமையற்காரன் முகம் வாடும். குடித்துவிட்டேன்."

"குதிகால் வெடிப்பு. விளக்கெண்ணெய்."

"நேற்று எழுதியதில் ஒரு தவறு. மழை சாயங்காலம் பெய்யவில்லை, மத்தியானமே பெய்துவிட்டது."

"நேற்றுப் போலவே."

ஏட்டைக் கீழே வைத்தான். "பொய் எழுதுகிறவன் ஒரு காரியத்துக்காக எழுதுகிறான். காரியத்துக்கு உதவாத வரி அவனுக்கு வீண் உழைப்பு. நேற்று மழை எப்போது பெய்தது என்று திருத்திக்கொண்டிருக்க அவனுக்கு ஏது நேரம்?"

கவிராயர் விடவில்லை. அவர் முட்டாள் இல்லை. "கெட்டிக்கார மோசக்காரன் நம்பிக்கை வருவதற்காகவே இப்படிச் சப்பென்ற ஏடுகளையும் கலந்திருப்பான்."

"மிகச் சரி," என்றான் குழைக்காதன். "கலந்திருந்தால், கலந்தது அவனுக்குத் தெரிந்திருக்கும். ஏகாம்பரம், மோரில் என்ன குறை?"

ஏகாம்பரம் கவிராயரைப் பார்த்தான். கவிராயர் கூரையைப் பார்த்தார். ஏடு வாசிக்கப்பட்டபோது ஏகாம்பரம் தன் கையெழுத்தின் அழகை ரசித்துக்கொண்டிருந்தவன். அதனால், "புளிப்பு," என்றான் தைரியமாக.

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"இப்போதுதான் வாசித்தேன், அப்பா," என்றான் குழைக்காதன் வருத்தமாக. "அரசே, இந்த நாட்குறிப்பில் இருப்பதெல்லாம் சத்தியம் என்று நான் சொல்லவில்லை. பெரிய அரசரும் மனிதர், தனக்குத்தானே எழுதும்போதும் ஒருவர் பொய் எழுதலாம். இந்த ஏகாம்பரம் எழுதவில்லை என்பது மட்டும்தான் என் வாதம். இந்தக் கட்டில் இப்படி ஏடுகள் இருப்பதே இவருக்குத் தெரியாது. நமக்கும் தெரியாது. நாம் நம் பெயரை மட்டும்தானே தேடினோம்?"

குழைக்காதன் கடைசி ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினான். "இது ஒன்று இருக்கிறது. இதில் தங்கள் பட்டமோ பெயரோ இல்லை, ‘பையன்’ என்றுதான் இருக்கிறது. அதனால் பொறுக்கும்போது விட்டுப்போயிற்று. தாங்களே படித்துக்கொள்வது நல்லது."

அரசன் வாங்கி, உதடு அசையாமல் படித்தான்.

"இன்று யோசனையில் மறந்துபோய் ஜெயித்துவிட்டேன். பையன் காயை வீசிவிட்டு ஓடினான். பூனைக்குப் பால் வைக்கிற சுவர் மாடப்புரையில் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றான். நான் பார்த்ததை அவன் பார்க்கவில்லை. சாப்பிடவில்லை. நானும் சாப்பிடவில்லை."

அரசன் அந்த ஏட்டை வெகுநேரம் கீழே வைக்கவில்லை. அந்த மாடப்புரையைப் பற்றி அவன் தன் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. அங்கே நின்றபோது யாரும் பார்க்கவில்லை என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தான்.

"ஏகாம்பரம்," என்றான், ஏட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "பெரிய அரசர் ஜெயித்த அன்று நான் எங்கே போய் நின்றேன்?"

ஏகாம்பரம் மறுபடியும் கவிராயரைப் பார்த்தான். "போர்க்களத்தில்," என்றான் கடைசியில்.

"அப்போது எனக்குப் பல் விழுந்துகொண்டிருந்த வயது," என்றான் அரசன். "உமைபாகனை அவிழ்த்துவிடுங்கள்."

காவலர்கள் உமைபாகனை அழைத்து வந்து கயிற்றை அவிழ்த்தார்கள். அவர் மணிக்கட்டைத் தடவிக்கொண்டு, அவிழ்ந்திருந்த வேட்டியை முதலில் இறுக்கிக் கட்டினார். பிறகுதான் கும்பிட்டார். அரசன் சிம்மாசனத்தை விட்டு இறங்கிவந்து அந்தக் கைகளைத் தாழ்த்தினான். "மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று அரசர்கள் சொல்லும் வழக்கம் அந்த நாட்டில் இல்லை. "சாப்பிட்டீரா?" என்று கேட்டான்.

"களி குடுத்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் உமைபாகன்.

ஏகாம்பரம் மெல்லக் கதவுப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தான். "ஏனப்பா இப்படிச் செய்தாய்?" என்றான் அரசன்.

"கவிராயர் உத்தியோகம் வாங்கித் தருவதாகச் சொன்னார், மகாராஜா. அது பாதிதான்." அவன் குரல் இறங்கியது. "எவ்வளவோ நல்ல சுவடிகளைப் பிரதி எழுதியிருக்கிறேன். ஒரு எழுத்துப் பிசகாது. எழுதினது யார் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. பொய்யாக எழுதினேன் என்று சொன்ன அன்று, தெருவே வந்து என் கையைப் பார்த்தது."

சேனாதிபதி வாளைத் தொட்டார். "இவன் கையை எடுத்துவிடலாம், அரசே."

"எதற்கு?" என்றான் குழைக்காதன். "பொய்யாக எழுதினால்தான் கை. இவர் எழுதவே இல்லை என்று இவ்வளவு நேரம் நிரூபித்திருக்கிறோம். வாயால் சொன்ன பொய்க்கு நாக்கை எடுப்பதென்றால், பொழுது சாய்வதற்குள் இந்தச் சபை மிகவும் அமைதியாகிவிடும்."

அரசனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டு, ஏகாம்பரம் அந்த நாட்குறிப்பை முழுவதும் பிரதி எழுத வேண்டும், ஒரு சொல்லும் கூட்டாமல் எழுத வேண்டும், முடிவில் எழுதியவன் பெயரைப் போட்டுக்கொள்ளலாம் என்று தீர்ப்புச் சொன்னான். அந்தப் பிரதியைத் தினம் ஓர் ஏடாகச் சபையில் ராகத்தோடு பாட வேண்டியது கவிராயர். விளக்கெண்ணெய்க்கு எந்த ராகம் பொருந்தும் என்று அவர் அப்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டு யோசிக்க ஆரம்பித்துவிட்டார்.

"குழைக்காதா, ஒன்று மட்டும் மிச்சம்," என்றான் அரசன். "நீ ஒப்புக்கொண்டாயே, அந்தச் செப்பேடும் பட்டயமும். அவையும் பொய்தானே? நீ வெட்டவில்லையே?"

"எனக்கு உளி பிடிக்கவே தெரியாது, அரசே. ஆனால் ஒரு சங்கதி கவனித்தேன். செப்பேடு பொய் என்று நான் சொன்னபோது கவிராயர் என்னைப் பார்த்துக் கத்தினார். அது நிரபராதி செய்கிற காரியம். பட்டயம் பொய் என்றபோது சேனாதிபதியார் என்னைப் பார்க்கவே இல்லை. அந்தத் தூணுக்குப் பின்னால் நிற்கிற அரண்மனைக் கன்னாரைப் பார்த்தார்."

எல்லோரும் தூணைப் பார்த்தார்கள். அங்கே செம்பில் எழுத்து வெட்டுகிற கன்னார், தம் கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

அரசன் சிரித்தான். முதலில் மெல்லச் சிரித்தான். பிறகு கிரீடம் சரிகிற அளவுக்குச் சிரித்தான். அதைப் பிடித்து நேராக வைக்க ஓடிவந்த சேனாதிபதியைக் கையமர்த்தி உட்கார வைத்தான். தன் கழுத்து முத்துமாலையைக் கழற்றிக் குழைக்காதனுக்குப் போட்டான்.

"வேறு என்ன வேண்டும், கேள்."

"அடுத்த யானை ஊர்வலத்தில், அரசே, எதிரிக்கு அரிசி தீர்ந்த அந்த நாளின் நினைவாக, வருகிறவர்களுக்கெல்லாம் வயிறாரச் சோறு போடச் சொல்லுங்கள். அந்தப் போரில் நிஜமாக நடந்தது அது ஒன்றுதான்."

அந்த ஆண்டு முதல் அப்படியே நடந்தது. சேனாதிபதியே நின்று பரிமாறினார், வேறு வழியில்லாமல்.